ஏழாம் நம்பர் இரும்பு

கப்பலூர் தொழிற்பேட்டையில் அப்துல் லத்தீப் பாயின் பட்டறைக்குள் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிடலாம். ஆனால் ஒரு சாமான் வெளியே போக வேண்டுமென்றால் சரண்யாதேவி சரி என்று சொல்ல வேண்டும். டிராக்டர் கொக்கியோ லாரி போல்ட்டோ, எதுவானாலும் அவள் மேசைக்கு வந்து, அவள் அளவுகோலுக்குள் அடங்கி, அப்புறம்தான் பெட்டிக்குப் போகும். மயிரிழை கூடினால் திருப்பி அனுப்பிவிடுவாள். கெஞ்சிப் பார்த்தவர்கள் உண்டு, முறைத்துப் பார்த்தவர்களும் உண்டு, இரண்டாலும் ஒன்றும் ஆகாது. அவளுக்குப் பட்டறையில் வைத்திருந்த பெயர் செக்போஸ்ட். அவள் காதுபடவே சொல்வார்கள். கண்டுகொள்ளாதவள் போல் இருப்பாள், உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அளவின் மேல் அவளுக்கு இந்தப் பித்து வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவள் அப்பா சுருளி வாடிப்பட்டிப் பக்கம் ஊரார் வயலில் கூலிக்கு உழைத்தவர். அப்போதெல்லாம் அறுப்புக் கூலி நெல்லாகத்தான். நிலத்துக்காரர் வீட்டில் நெல் அளக்கும் மரக்காலின் உள்ளடியில் விரல்கனத்துக்கு மெழுகு ஊற்றி வைத்திருந்தார்கள். வெளியே பார்த்தால் மரக்கால்தான், உள்ளே கொள்ளுவது குறைவு. சுருளிக்கு அது தெரியும். அறுத்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை. தலையைக் குனிந்து துண்டை விரித்து வாங்கிக்கொண்டு வருவார்கள். சிறுமியாய் இருந்தபோது அந்த மரக்காலுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து அடிவாங்கியவள் சரண்யாதேவி. பாலிடெக்னிக்கில் முதன்முதலாக வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்தபோது, ஆள் பார்த்து அளவு மாற்றாத சாமான் ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் கண்ணில் தூசி விழுந்ததென்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவளின் மேசைக்குத்தான் அந்த வருஷம் கோல்ஃப் மட்டையின் இரும்புத் தலைகள் வந்து சேர்ந்தன. பட்டறையில் ஒருவரும் கோல்ஃப் ஆட்டத்தை நேரில் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்றுக்கொண்டிருந்த பெங்களூர்க் கம்பெனி ஒன்று, இங்கேயே அடித்துத் தர முடியுமா என்று கேட்க, லத்தீப் பாய் துணிந்து சரி என்று சொல்லிவிட்டார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அச்சில் வைத்து ஹேமரால் அடித்து, தேய்த்து, மெருகேற்றி, கடைசியில் பந்து படும் முகத்தில் வரிவரியாகக் கோடு வெட்ட வேண்டும். அந்தக் கோடுகள்தான் உயிர். அவைதான் பந்தைப் பிடித்துச் சுழற்றிவிடும். சுழன்றால்தான் விழுந்த இடத்தில் பந்து நிற்கும், இல்லாவிட்டால் கண்ட பக்கம் ஓடும்.

இதற்கென்றே பாய் தனியாக ஒரு பிரிவு போட்டு ஆள் எடுத்திருந்தார். கம்பெனி ஆள் வந்து அடித்துப் பார்க்கும் சோதனையில் தேறினால் பிரிவு நிலைக்கும். தேறாவிட்டால் மறுநாளே மூடிவிடுவேன், இன்னொரு தடவை பார்க்க என்னிடம் தெம்பில்லை என்று எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டார். பாய் பயமுறுத்தச் சொல்கிற ஆள் இல்லை.

கோடு வெட்டுகிறவன் முகமது ஆசிப். காஜிமார் தெருப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் வெட்டியதைச் சரண்யாதேவி திரும்பத் திரும்பத் தள்ளினாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன் கொஞ்ச நாள் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டான். கடைசியில் அவளே அவன் மிஷின் பக்கத்தில் போய் நின்று, கோடு வெட்டும் கட்டரைப் புதிதாக மாற்ற வைத்து, ஒவ்வொரு கோடாக அளந்து பார்த்துத் தேற்றினாள். இந்த மட்டைகளுக்குச் சாய்வைப் பொறுத்து நம்பர் உண்டு; பிடிக்கம்பும் மாட்டி, நாலாம் நம்பரிலிருந்து குட்டை மட்டை வரை ஒரு செட் தயாரானது.

பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாமான் முதன்முதலில் வெளியே போகும்போது அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் அனுப்புவார்கள். பாயின் பட்டறையிலும் அதற்குத் தடையில்லை, அவரே தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தடை போட்டவள் சரண்யாதேவிதான். ஒரு தடவை அளக்கும் கேஜில் குங்குமம் ஒட்டி அளவு தப்பிப்போனதிலிருந்து, தன் மேசைக்கு மேலே சாக்பீஸால் கொட்டை எழுத்தில், பொட்டு வைத்த சாமான் வாங்கப்படாது என்று எழுதிப் போட்டிருந்தாள். அதைப் பட்டறையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

சோதனை நாளன்று காலையில் எல்லாருக்கும் முன்னால் அவள் வந்து கதவைத் திறந்தாள். ராத்திரி கண்ணை மூடவில்லை. மேசையில் மட்டைகள் வரிசையாகப் பளபளத்துக்கொண்டு கிடந்தன. மறுபடி அளந்தாள், சரியாக இருந்தது. இன்னொரு தரம் அளந்தாள். அளவு சரியாக இருந்தும் அளவுகோலைக் கீழே வைக்க மனம் வரவில்லை. கைப்பைக்குள் அம்மா தங்கப்பொண்ணு கொடுத்துவிட்ட சின்ன டப்பா இருந்தது. ஊர்க் கோயில் சந்தனம். இரும்புக்குக் கொஞ்சம் வச்சிரு ஆத்தா என்று அம்மா சொன்னபோது எரிந்து விழுந்தவள், இப்போது சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொரு மட்டையின் முகத்திலும், சரியாகக் கோடுகளின் நடுவில், குழைத்துக் குழைத்துப் பொட்டு வைத்தாள். கும்பிடக்கூடச் செய்தாள்.

கும்பிட்ட கை இறங்குவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே கம்பெனி ஆள் வந்துவிட்டான். சாக்பீஸ் எழுத்து தலைக்கு மேலே, பொட்டு வைத்த மட்டைகள் கண்ணுக்குக் கீழே. திருடி மாதிரி, கையில் அகப்பட்ட எண்ணெய்ப் பஞ்சை எடுத்து அரக்கப்பரக்கத் துடைத்தாள். மட்டை முகம் பளிச்சென்று ஆனது. கோடுகளுக்குள் என்ன போயிற்று என்று பார்க்க நேரமில்லை. எதையும் இரண்டு தரம் பார்க்கிறவள் அன்றைக்கு ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

வந்தவன் பாண்டியராஜன். கே.கே. நகர் டாக்டர் வீட்டுப் பிள்ளை, வெளியூரில் படித்து, கோல்ஃப் ஆடி, அந்தக் கம்பெனியிலேயே மட்டைகளைச் சோதிக்கும் வேலைக்குப் போனவன். தன்மையான ஆள், ஆனால் வேலையில் வழவழா கொழகொழா கிடையாது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாய்தான் சோதனைக் களம். கருவேலங்கன்றுகளை வெட்டிச் சுத்தம் செய்து, பச்சை விரிப்பு ஒன்றைப் போட்டு, பந்து பறக்கிற வேகத்தையும் சுழற்சியையும் சொல்லும் சின்னப் பெட்டியைப் பின்னால் வைத்தான். பிரிவு ஆட்கள் கரைமேல் வரிசையாக நின்றார்கள். மட்டைகள் வெயிலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

நாலாம் நம்பரை எடுத்து அடித்தான். சத்தம் சுத்தமாக இருந்தது. பந்து கண்மாயின் அந்தக் கரையைப் பார்த்துப் பறந்தது. அடித்த கையைப் பார்த்துக்கொண்டு, இரும்பு நல்லா இருக்கு என்று பாண்டியராஜன் சொல்லவும் கரைமேல் ஒரு சிரிப்பு ஓடியது. ஐந்து, ஆறு. பெட்டியைப் பார்த்தான், புருவத்தைச் சுருக்கினான். ஏழாம் நம்பரை எடுத்தான். அடித்தான். பெட்டியைக் குனிந்து பார்த்தான். இன்னொரு பந்து வைத்தான். அதன்பிறகு தன் பையிலிருந்த பழைய மட்டையை எடுத்து அதே மாதிரி அடித்துவிட்டு, மறுபடி புதியதை அடித்தான். கரைமேல் சிரிப்பு அடங்கிப் வெகு நேரமாகியிருந்தது.

ஈரத்துண்டால் மட்டையின் முகத்தைத் துடைத்து, நகத்தால் கோடுகளை வருடிப் பார்த்தான். அப்புறம் பாயிடம் திரும்பினான்.

"கோட்டுல ஆழமே இல்ல பாய். பந்து பிடிக்காம வழுக்குது. சுத்த வேண்டியதுல பாதிகூடச் சுத்தல. இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது."

பாய் சரண்யாதேவியைப் பார்த்தார். அவள் பாண்டியராஜன் பக்கம் திரும்பி, அளந்திருக்கிறேன் சார் என்றாள். பாண்டியராஜன் மட்டையை அவள் கையில் கொடுத்தான். அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். கண்ணுக்குத் தெரியும் முன்னே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. சந்தன வாசம். எண்ணெயில் குழைந்து கோடுகளுக்குள் இறங்கிய சந்தனம், வெயிலில் இறுகிச் சிமெண்ட் பூசினாற்போல் உட்கார்ந்திருந்தது.

சொல்லிவிட்டால் செக்போஸ்ட்டின் மானம் அந்தக் கண்மாய்க்குள்ளேயே போய்விடும். இத்தனை வருஷம் எத்தனை பேர் சாமானைத் தள்ளியிருக்கிறாள், அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் பிரிவு மூடப்படும். அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து ஆசிப் இறங்கி வந்தான்.

"என் தப்புதான் பாய். கட்டர் தேஞ்சுபோச்சு, மாத்தாம ஓட்டிட்டேன். அக்கா அளந்ததுக்கு அப்புறம் இந்த செட்ட நான்தான் வேற பீஸ வச்சு மாத்துனேன். அக்காவுக்குத் தெரியாது."

அத்தனையும் பொய். சரண்யாதேவி பக்கத்தில் நின்றல்லவா கட்டரை மாற்ற வைத்தாள். இவன் எதற்குப் பொய் சொல்கிறான் என்று முதலில் அவளுக்கு விளங்கவில்லை. அவன் பாய் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்தக் குனிவை அவள் பார்த்திருக்கிறாள். களத்து மேட்டில், மரக்காலுக்கு முன்னால், துண்டை விரித்துக்கொண்டு. இன்றைக்கு அடியை அடைத்து வைத்தவள் அவள், குனிந்து நிற்கிறவன் இன்னொருத்தன். அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"அவன் சொல்றது பொய் பாய். கட்டர் புதுசு. கோடும் சரியாத்தான் இருந்துச்சு. இதுக்குள்ள அடைச்சிருக்கது சந்தனம். நான்தான் வச்சேன்."

"நீயா?" என்றார் பாய்.

"பயமா இருந்துச்சு பாய்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பாண்டியராஜன் யோசித்தான். சோதனை ஆரம்பித்தபின் மட்டையில் கை வைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி என்றான். பாய் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவனே, ஏழாம் நம்பரை மட்டும் என் கண் முன்னால் சுத்தம் செய்யுங்கள், அது சரியாக வந்தால் அழுக்கோடு அடித்ததைக் கணக்கில் எடுக்காமல் முதலிலிருந்து பார்க்கிறேன், வராவிட்டால் நான் கிளம்புகிறேன் என்றான்.

சரண்யாதேவி துப்பட்டாவிலிருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒரு கோடு, அடுத்த கோடு. ஓரத்தில் கீறல் விழுந்தால் வேறு வினையே வேண்டாம். ஆசிப் எதிரே குந்தி உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைச் சொட்டுச் சொட்டாகச் சாய்த்தான். மஞ்சள் மஞ்சளாகச் சுருண்டு வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. முடிந்ததும் ஆசிப் மட்டையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, தன் சட்டை நுனியால் துடைத்து, பாண்டியராஜனிடம் கொடுத்தான்.

அவன் அடித்தான். பெட்டியைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு பந்து. மறுபடி குனிந்து பார்த்தான். மூன்றாவது பந்தையும் அடித்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தான். சரண்யாதேவி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"மத்ததையும் சுரண்டிக் கொடுங்க மேடம்" என்றான்.

கரைமேலிருந்து ஊக்கும் ஹேர்பின்னுமாக ஆட்கள் இறங்கி வந்தார்கள். சாயங்காலம்வரை அடித்தான். நாலாம் நம்பர் முகத்தின் சாய்வு மட்டும் துளி தப்பு, திருத்தி அனுப்பச் சொன்னான். அதை அளந்து சரி என்று விட்டவளும் சரண்யாதேவிதான், ஆனால் அன்றைக்கு அவளுக்கு அது வலிக்கவில்லை. பிரிவு பிழைத்துக்கொண்டது.

மட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வேனில் ஆசிப் பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கடா அப்படிப் பொய் சொன்னாய் என்று கேட்டாள். அவன் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீங்க அளந்தது தப்புன்னு ஒரு தடவ பேராயிருச்சுன்னா, அப்புறம் யாரு அளந்தத நம்புவாங்க அக்கா? எனக்குன்னா வேற பட்டறை கிடைக்கும்."

பட்டறையில் இறங்கியதும் நேராகப் போய் மேசைக்கு மேலே இருந்த சாக்பீஸ் எழுத்துக்குக் கீழே, என்னுடையதும்தான் என்று எழுதினாள்.

வீட்டுக்குப் போகும் முன் ஊருக்குப் போன் போட்டாள். நடந்ததைக் கேட்ட தங்கப்பொண்ணு, அந்தச் சந்தனம் இருந்ததால்தான் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அடித்துச் சொல்லிவிட்டாள். அவளோடு வாதாடிப் பிரயோசனமில்லை. பின்னாலிருந்து அப்பா சுருளி, போனை இங்கே கொடு என்று வாங்குவது காதில் விழுந்தது.

"அடியில அடைச்சிருந்தத நீயாவே சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. எல்லாரு முன்னாடியும்."



"எங்க காலத்துல ஒருத்தனும் சொல்லல ஆத்தா" என்றார் சுருளி. "அடைச்சவனும் சொல்லல, நானும் சொல்லல."