சாமைத் தாள் அடைத்த கார்

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். கடும் காய்ச்சல். கணவரின் மேலதிகாரி இரக்கப்பட்டு, ஏசி பொருத்திய தன் காரை டிரைவரோடு அனுப்பினார். ஜவ்வாது மலையிலிருந்து திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று ரோட்டில் பரப்பியிருந்த சாமைத் தாள்மீது வழியெல்லாம் போனோம்.

ஒரு வளைவில் லாரி பழுதாகி வழியை அடைத்திருந்தது.

"இன்ஜின் ஓடட்டுங்கம்மா. கண்ணாடிய மட்டும் எறக்காதீங்க, குளுரு போய்டும்" என்று சொல்லிவிட்டு டிரைவர் லாரியைத் தள்ளப் போனார்.

சிறிது நேரத்தில் குழந்தையின் உடம்பு கொதித்தது. காய்ச்சல்தான் ஏறுகிறது என்று ஈரத்துணி போட்டேன். கண்ணாடியை இறக்கலாமா என்று கை போவதும் திரும்புவதுமாக இருந்தது. அவள் அழுகை நின்று கண் செருகியபோதுதான், என் ரவிக்கையும் நனைந்திருப்பதை உணர்ந்தேன். எனக்கு ஏது காய்ச்சல்? ஏசி துவாரத்தில் கை வைத்தேன். அனல் வீசியது.

குழந்தையோடு வெளியே பாய்ந்தேன். ஓடி வந்த டிரைவர் பானட்டைத் திறந்ததும் ஆவி சீறியது.

"பெல்ட்டு நல்லாத்தான கீது" என்று முணுமுணுத்தவர், முன்பக்கம் குனிந்து அலறினார்: "அய்யோ, ரேடியேட்டர் முன்னாடி கம்பி பூரா சாமைத் தாளு அடைச்சிக்கினு கீதும்மா! காத்து எப்பிடிப் போவும்?"

லாரியை எல்லோருமாக ஓரம் தள்ளியதும், எங்களுக்குப் பின்னால் நின்ற பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரி சேர்ந்தோம். "இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே வெச்சிருந்தா..." என்றார் டாக்டர்.

மகள் பிழைத்தாள். இப்போதெல்லாம் வண்டி எங்காவது நின்றால், யார் என்ன சொன்னாலும் முதலில் கண்ணாடியை இறக்குகிறேன். அவள் உடம்பு சுட்டால், என் கழுத்தையும் தொட்டுப் பார்க்கிறேன்.