பாஸ் ஆன ரத்தம்

அந்த நோய் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. வந்திருந்தால் எப்படியெல்லாம் நடந்துகொள்வோமோ, அதை மட்டும் ஒன்று விடாமல் செய்தோம்.

எண்பதுகள் முடியப்போகிற நேரம். ஆவடியில் தொழிற்சாலை ஊழியர்களுக்குக் கட்டிக்கொடுத்த மாடி பிளாக் ஒன்றில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். நான் காலேஜை முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போவதையே ஒரு உத்தியோகமாகச் செய்துகொண்டிருந்தேன். எய்ட்ஸ் என்று ஒன்று கிளம்பியிருக்கிறது, மெட்ராஸிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்ததும் எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு ஒரு டாக்டர் முளைத்தார். கொசு கடித்தால் வரும் என்றார் கீழ்வீட்டுக்காரர். அது உண்மையென்றால் ஆவடி என்று ஒரு ஊரே இன்றைக்கு இருந்திருக்காது. பஸ் கம்பியைப் பிடித்தால் வரும் என்று நம்பிய இன்னொருவர், பூந்தமல்லி வரைக்கும் கைக்குட்டையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்வருவார். அதே கைக்குட்டையால் முகத்தையும் துடைத்துக்கொள்வார்.

உண்மையில் அது எப்படிப் பரவுகிறது என்று டி.வி.யில் சொல்ல ஆரம்பித்தால் அப்பா எழுந்து போய் ஆன்டெனாவைத் திருப்புவார். படம் தெளிவாகும்போது வேறு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். எல்லா வீட்டிலும் ஆன்டெனா அந்த நேரத்தில்தான் திரும்பியது. அதனால் நோய் இருக்கிறது என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும், மீதியை நாங்களே இட்டு நிரப்பிக்கொண்டோம்.

சலூனுக்குப் போகிற ஆண்கள் புது பிளேடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அப்பாவும்தான். போன வேகத்தில் மறந்துவிட்டு வந்து சட்டையை அப்படியே அழுக்குக்கூடையில் போடுவார். துவைக்கும்போது அம்மாவின் விரல் கிழியும். இந்த நோய்க்குப் பயந்து எங்கள் வீட்டில் சிந்திய ரத்தம் முழுக்க அம்மாவுடையது.

அம்மாவுக்கு எங்கள் பிளாக்கில் ஒரு பதவி இருந்தது. யார் வீட்டில் வளைகாப்பு நடந்தாலும் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் எல்லாம் அவள் கையால்தான் கலக்கவேண்டும். கரண்டி போட்டால் பருக்கை உடைந்துவிடும் என்று தாம்பாளத்தில் சாதத்தை ஆறவிட்டு, முழங்கை வரைக்கும் வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டு கையாலேயே கலப்பாள். திருநெல்வேலிக்காரி கலந்தால் பிரசவம் சுகமாக நடக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை முதலில் யார் கிளப்பினார்கள் என்று தெரியவில்லை. அம்மாவாகத்தான் இருக்கும். எப்படியோ, அந்தக் கைராசியில்தான் அவள் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். எதிர்வீட்டு அத்தையின் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே நல்ல புளியாக வாங்கி வெயிலில் காயப்போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் டி.வி. படம் பார்க்கக் கோவில்பதாகையிலிருந்து ஒரு டிரைவர் வருவார். அப்பாவின் சிநேகிதர். முன்பு பம்பாய்க்கு லாரி ஓட்டியவர், அப்போது உள்ளூரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல தொந்தியும் சிவந்த கண்ணுமாக இருந்தவர் திடீரென்று குடியை விட்டார். விட்டதும் தொந்தி கரைந்தது, கன்னம் ஒட்டியது. பம்பாய் லைன், ஆள் வேறு இளைத்துவிட்டார். பிளாக் முழுக்க ஒரே தீர்ப்புக்கு வந்தது. குடித்துக்கொண்டிருந்த வரைக்கும் அவருடைய ஆரோக்கியத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அம்மா அவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கென்று ஒரு கண்ணாடி டம்ளரை ஒதுக்கினாள். மற்றவர்களுக்கு அப்பா பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் காபி வரும், அவருக்கு மட்டும் கண்ணாடி டம்ளரில். குடித்து முடித்ததும் அவரே கழுவி வெளி ஜன்னல் விளிம்பில் கவிழ்த்துவிட்டுப் போவார். அடுத்த வாரம் வரும்போது அவரே எடுத்துக்கொண்டு உள்ளே வருவார். யாரும் அவரிடம் எதுவும் சொன்னதில்லை.

அப்பா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இதே மாதிரி டம்ளருக்காகத்தான் ஊர்ல டீக்கடையில சண்டை போட்டோம்" என்றார்.

"அது சாதி. இது சீக்கு" என்றாள் அம்மா. அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் கொடுக்க ஒரு ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள். அப்பாவுக்கு சர்க்கரை, எனக்கு எடை போதாது. அப்பா பிளாக்கில் படியேறி இறங்கினார். அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. எங்கள் பிளாக்கில் இருந்த அத்தனை ஆண்களுக்கும் சின்ன வயதில் மஞ்சள்காமாலை வந்திருக்கிறது, அதனால் ரத்தம் கொடுக்கக்கூடாதாம். கொடுத்தால் ஊசியில் நோய் ஒட்டிக்கொள்ளும் என்பது பாதிப் பயம். டெஸ்ட் செய்து பார்த்துவிடுவார்களே என்பது மீதிப் பயம். இரண்டாவது பயம் யார் யாருக்கு ஏன் வந்தது என்று அவரவர் வீட்டுக்காரிகள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் காலையில் டிரைவரே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். "அண்ணாத்தே, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் குடுக்கறேன். பழைய சரக்கு எதுனா மிச்சம் கீதோ இன்னாவோ, அத்த மட்டும் பாத்துக்க சொல்லு" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா அம்மாவின் பக்கத்தில் இருந்ததால் ரத்த வங்கிக்கு நான்தான் அவரோடு போனேன். பம்பாய் வரைக்கும் மலைப்பாதையில் லாரி ஓட்டிய மனிதர் ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். எல்லாம் முடிந்து அவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தபோது அங்கிருந்த நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவர் குரூப் வேறம்மா. பரவால்ல, இவரோடத நாங்க வச்சுக்குவோம். உங்கம்மா குரூப்ல டெஸ்ட் பண்ணி வச்சிருக்கிற வேற பாட்டில் அனுப்பறோம்" என்றார். அதாவது அம்மாவுக்கு ஏறியது டிரைவர் ரத்தமே இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆபரேஷன் கவலையில் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு யாரிடமும் நான் சொல்லவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எல்லாவற்றையும் கெடுத்தது அப்பாதான், அதுவும் நல்ல எண்ணத்தில்.

அப்பா தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். செய்து வருகிற சாமானை அளந்து பார்த்து 'பாஸ்' என்று முத்திரை குத்துவதுதான் வேலை. முத்திரை விழுந்துவிட்டால் அந்தப் பொருளைப் பற்றி அதற்குமேல் உலகத்தில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது அவருடைய மதம். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு திரும்பும்போது பிளாக் வாசலில் நின்றவர்கள் ஆபரேஷன் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். நன்றாக முடிந்தது என்று சொல்லிவிட்டு மாடியேறியிருக்கலாம். "ரத்தம் நம்ம டிரைவர் கொடுத்தார். பயப்படவே வேண்டாம். எய்ட்ஸ் டெஸ்ட் பண்ணி, பாஸ் ஆன ரத்தம்தான் ஏத்தியிருக்காங்க" என்று விளக்கம் கொடுத்துவிட்டு வந்தார். அதுவரைக்கும் அம்மாவையும் அந்த நோயையும் சேர்த்து யாரும் யோசித்திருக்கவில்லை. அப்பாதான் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து முத்திரை குத்தினார்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று விசாரித்தார்கள். கீழ்வீட்டுக் குழந்தை வழக்கம்போல மடியில் ஏற வந்தது, அதன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து திருவேற்காடு கோயிலுக்குப் போவார்கள். "நீங்க நல்லா ஓய்வெடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு இத்தனை ஓய்வை அதற்கு முன்னால் யாரும் கொடுத்ததில்லை.

வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. சாதம் கலக்க வானகரத்திலிருந்து ஒரு சமையல்காரரைப் பேசிவிட்டதாக எதிர்வீட்டு அத்தை கதவருகே நின்று சொல்லிவிட்டுப் போனாள். "உங்களச் சிரமப்படுத்தக் கூடாதுல்லக்கா. நீங்க சும்மா வந்து உக்காருங்க."

அவள் போனபிறகு அம்மா வெகுநேரம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, கை நல்லாத்தானட்டி இருக்கு?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரமும் வந்தது.

அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். அது டிரைவர் ரத்தமே இல்லை, குரூப் வேறு, மாற்றித்தான் கொடுத்தார்கள் என்றேன்.

"அப்பம் யாரு ரத்தம்?"

"தெரியாதும்மா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதெல்லாம் சொல்லமாட்டாங்க."

அம்மா யோசித்தாள். "சரி. வளைகாப்பன்னைக்கு நானே அவகிட்ட சொல்லிக்கிடுதேன்" என்றாள். அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. காயவைத்த புளியை எடுத்துக் கொட்டை நீக்க உட்கார்ந்தாள்.

வளைகாப்பன்றைக்கு எதிர்வீட்டில் கூட்டம். சமையல்காரர் பெரிய கரண்டியைப் போட்டு எலுமிச்சை சாதத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். உடைகிற ஒவ்வொரு பருக்கையையும் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. அம்மாவுக்கு ஒரு கண்ணாடி டம்ளர். அவள் அதை வாங்கி ஒரு கணம் உற்றுப்பார்த்தாள். எனக்கு அங்கிருந்து எழுந்து போய்விடவேண்டும் போல இருந்தது. அம்மா குடித்தாள்.

குடித்து முடித்ததும் அவளே கழுவுவதற்கு எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். எதிர்வீட்டு அத்தை வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கெட்ட மனுஷி இல்லை, அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரைக்கும் பேச்சு போயிருச்சு. நெசமாவே அந்த டிரைவர் ரத்தம்தானா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தயிர்சாதம் இன்னும் கலக்கல, நீங்களே கலந்துருங்க."

தாம்பாளத்தில் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாலும் தயிரும் எடுத்து வைத்திருந்தார்கள். அம்மா வளையலைக்கூடக் கொஞ்சம் மேலே தள்ளினாள். பிறகு கையிலிருந்த கண்ணாடி டம்ளரைக் கழுவி, ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தாள்.

"அவுக ரத்தந்தான்" என்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். அம்மா புடவையை மாற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "இல்லன்னு சொன்னேன்னு வையி. அந்த மனுசன் ரத்தம் ஆவாதுன்னு ஆஸ்பத்திரியிலயே தள்ளிட்டான்னு நாளைக்குப் பேசுவாளுவ. அதுக்குப்பெறவு அவுகளுக்கு இங்க கண்ணாடி டம்ளருகூடக் கெடைக்காது." கொஞ்சம் கழித்து, "ஊரு பேரு தெரியாத எவரோ ரத்தம்னு சொல்லுததுக்கு இது தேவல" என்றாள்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆனது. அந்தப் பெருமை வானகரம் சமையல்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு எங்கள் பிளாக்கில் அவர் கரண்டிதான்.

வளைகாப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமையே டிரைவர் படம் பார்க்க வந்திருந்தார். வழக்கம்போல வெளி ஜன்னல் விளிம்பில் கையை வைத்துத் துழாவினார். டம்ளர் இல்லை. உள்ளே வந்து, "அண்ணி, என் டம்ளரு எங்க?" என்றார்.

அம்மா அடுக்களையில் அந்தக் கண்ணாடி டம்ளரில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தாள். "இனிமே இது எனக்கு. நீங்க உக்காருங்க" என்று சொல்லி, அப்பா பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

அவர் இரண்டு டம்ளரையும் மாறிமாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, தெரியவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே, "நம்ம ரத்தம் எப்டி அண்ணி, உள்ள ஒயுங்கா ஓடிகினு கீதா?" என்றார்.

"நல்லாத்தான் ஓடுது" என்றாள் அம்மா.

டம்ளரைக் கையில் வாங்கியவர் வெடுக்கென்று கீழே வைத்துவிட்டு விரலை உதறினார். எவர்சில்வர் சுடும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.