ஊர் வரி கேட்டு வந்த நாள்

அன்றைக்கு எங்கள் பண்ணையில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், மாசித் திருவிழாவுக்கு ஊர் வரி வசூலிக்க வந்த மூன்று பேர். அப்புறம் வெள்ளைக் குதிரை, அதன் குட்டி, ஒரு ஈமு, வான்கோழிகள், முயல்கள். டிக்கெட் வாங்கி வந்தவர் என்று ஒருவரும் இல்லை. தை பிறந்தும் வழியெல்லாம் சேறு.

அப்பா முன்பு கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைத்தவர். சேர்த்த பணத்தில் பாகூர்ப் பக்கம் ஒரு மேட்டு நிலம் வாங்கி, கம்பி வேலி போட்டு, பார்க்க வருகிறவர்களுக்கு இருபது ரூபாய் டிக்கெட் வைத்தார். எட்டாவதோடு பள்ளியை விட்ட நான்தான் டிக்கெட் கிழிப்பேன். உள்ளூர்ப் பிள்ளைகளிடம் மட்டும் காசு வாங்கக் கூடாது. "நம்ம ஊரு புள்ளைங்கடி" என்பார்.

ஊருக்கோ நாங்கள் குதிரைக்காரர்கள். கரும்பு வயலுக்கு எருவாகக் குதிரை லத்தி அள்ளிப் போவார்கள், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரையைக் கேட்பார்கள். அப்பா எதற்கும் காசு வாங்க மாட்டார். வீட்டுக்கு வீடு திருவிழா வரி வாங்கும்போது மட்டும் எங்கள் கேட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

வரி இல்லையென்றால் நல்லதுதானே என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. வரி கொடுக்கிற வீட்டில் சாவு விழுந்தால் ஊர் வந்து நிற்கும், மேளம் வரும், சுடுகாட்டில் இடம் உண்டு. நம் வீட்டில் விழுந்தால்? அப்பா லேசாக இருமினாலே எனக்கு அந்த யோசனைதான். சொன்னால் அம்மா விரட்டுவாள்: "காலங்காத்தால இன்னா பேச்சுடி இது!"

அந்தத் தைக்கு முந்தின கார்த்திகையில் ஏரி வழிந்து மாட்டுக்கொட்டகைகளில் தண்ணீர் ஏறியது. எங்கள் மேடு தப்பியது. அப்பா கேட்டைத் திறந்துவிட்டார். ஊர் மாடுகள் வந்து குதிரைகளோடு நின்றன. வைக்கோல் போர் சரியச் சரிய நான் அப்பாவிடம் ஓடினேன்.

"நம்ம குதிரைக்கு இன்னாப்பா செய்யறது?"

"மாடு பாத்துக்கினு நிக்கறப்ப குதிர மட்டும் துன்னுமா? போடுடி."

தண்ணீர் வடியும் வரை எல்லாவற்றுக்கும் அரை வயிறு.

அதற்கப்புறம்தான் அந்த மூன்று பேரும் வந்தார்கள். மூத்தவர் கேட்டை ஆட்டினார். "இன்னா குதிரைக்காரரே, ஊரு வரிக்கு வந்தா கேட்ட சாத்திக்கினு கீறீங்க?"

"எங்களுக்கா?" என்றார் அப்பா.

"பின்ன, அந்த ஈமுக்கா?"

ஈமு தன்னைத்தான் கேட்கிறார்கள் என்பதுபோல் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது. கூட வந்த இளைஞர் பின்னால் குதித்து ஒரு செருப்பைச் சேற்றில் விட்டார். அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

"எவ்ளோ?"

"வூட்டுக்கு ஆயிரம். மாட்டுக்குப் போட்ட வைக்கோல கழிச்சிக்கினு குடுங்க."

"ஊர்க்காரனுக்கு இன்னாபா கழிவு?" என்று அப்பா டிக்கெட் டப்பாவைக் கவிழ்த்தார். எண்ணூறுதான் தேறியது. வரியே வேண்டாமென்று திரும்பிவிடுவார்களோ என்ற பயத்தில், கைமாற்று வாங்கப் பக்கத்துக் கடைக்கு ஓடப் பார்த்தேன்.

"நில்லும்மா" என்றார் மூத்தவர். "மிச்சத்த மெதுவா குடுங்க. எங்க ஓடிடப் போறீங்க?"

அதுவரை எங்களிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்று முழுக்க, குட்டிக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட அப்பா அதையே சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க ஓடிடப் போறோம்?"

மறு வருஷம் பழைய பாக்கியையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்றேன். கடன் என்றால் எனக்குத் தூக்கம் வராது. அப்பா அந்த வருஷத்து வரியை மட்டும் கொடுத்தார். "பாக்கி இருந்தாதான கேக்க வருவாங்க." வந்தவர்களுக்கும் அது வேடிக்கையாகிவிட்டது. பாக்கியைக் கேட்பார்கள், அம்மா போடும் டீயைக் குடிப்பார்கள், போய்விடுவார்கள்.

அப்பா போனபோது நான் யாரையும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊர் மேளத்தோடு வந்தது. வளர்ந்துவிட்ட அந்தக் குட்டியை, செருப்பைச் சேற்றில் விட்டவர்தான் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். திருப்பத்தில் மறையும் வரை நின்று பார்த்தேன்.

இப்போது டிக்கெட் கிழிப்பதும் வரி கொடுப்பதும் நான்தான். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் இலவசம்தான். போன திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தவரும் டீயைக் குடித்துவிட்டு, "உங்கப்பா பாக்கிய எப்பதாம்மா குடுப்ப?" என்றார்.

"எங்க ஓடிடப் போறேன்ணா?" என்றேன்.

வருஷ வரி கொடுத்தாயிற்று. ஊருக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது இருநூறு ரூபாய்.