கருகிய பிளக்

என் அண்ணன் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர். பெரிய கிராபிக்ஸ் கார்டு என்றால், பவர் சப்ளையிலிருந்து அதற்கு இரண்டு தனித்தனி ஒயர் இழுப்பார். இரண்டு பிளக் உள்ள ஒரே ஒயரை மாட்டினாலும் கார்டு ஓடும்.

"ஓடும். ஆனா ஒரே ஆள் தலையில ரெண்டு மூட்டை ஏத்தற மாதிரி. ஒயர் சூடாயிடும்" என்பார்.

கடையில் அவருக்குக் கூட்டாளி அண்ணியின் தம்பி. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் நின்றுபோன கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணன் திறந்து பார்த்தார். உள்ளே ஒரே ஒயர். பிளக் கருகி கார்டோடு ஒட்டியிருந்தது. அண்ணன் மைத்துனனைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதானே மாட்டினீங்க அத்தான்? வயசாகுதுல்ல, மறந்திருப்பீங்க" என்றான் அவன்.

"முதல்ல கண்ணாடிய மாத்துங்க சார்" என்று வாடிக்கையாளர் சிரித்தார்.

அண்ணன் மறுத்துப் பேசவில்லை. "பேசினா உங்க அண்ணிதான் நடுவுல கிடந்து தவிப்பா" என்று பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். அதன்பின் வருகிறவர்கள் எல்லாம் "தம்பியே மாட்டட்டும்" என்றார்கள். அண்ணன் கடைசிவரை முன்மேசையில் உட்கார்ந்து மவுஸும் கீபோர்டும் விற்றார்.

நேற்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அத்தான் என்னைக் கடைசிவரை விட்டுக்கொடுத்ததே இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி என் தோளில் சாய்ந்திருந்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.