உள்ளங்கையில் நின்ற வளையம்

போன வாரம் என் மகன் புதுக் கேமரா ஒன்று வாங்கி வந்தான். என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, அதன் திரையை என் பக்கமே திருப்பிக் காட்டினான். திரையில் என் மூஞ்சி, இடது கண்மேல் பச்சையாக ஒரு கட்டம். தலையை ஆட்டினால் கட்டமும் ஆடியது. முகத்தைத் திருப்பினால் அடுத்த கண்ணுக்குத் தாவியது. "கண்ணு எங்க இருக்குன்னு அதுவே கண்டுபிடிச்சிரும்ப்பா, நாம ஒண்ணுஞ் செய்ய வேணாம்" என்றான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே என்பீர்கள். நானோ எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கேமரா வந்த பெட்டியிலிருந்து எழுந்த வாசனையும் ஒரு காரணம். புது ரப்பரும் தெர்மகோலும் கலந்த வாசனை. விளாங்குடியில் நானும் செல்வமும் ஸ்டுடியோ வைத்திருந்த நாட்களில் அந்த வாசனைக்காகவே காலிப் பெட்டிகளைப் பரணில் அடுக்கி வைத்திருந்தோம். செல்வம் சமயநல்லூர்க்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் வேலை செய்தே பிள்ளைகளை வளர்த்தவர்கள். நான் நெசவுக்கார வீட்டுப் பிள்ளை, வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். போனில் என் மனைவியோடு அதில் பேசினால் போதும், செல்வம் "என்னையத்தான வையிற?" என்று கேட்பான். சில நாள் அது உண்மையாகவும் இருக்கும்.

படம் எடுப்பது அவன். பிளாஷ் பிடிப்பது, லேபுக்கு ஓடுவது, வருகிறவர்களிடம் வாயடிப்பது நான். பாஸ்போர்ட் படத்துக்குக் காது தெரிய வேண்டும் என்று போர்டு எழுதி மாட்டியவனும் நான்தான், படத்தில் காதை வெட்டிவிட்டு எடுத்தவனும் நான்தான். அதோடு செல்வம் என்னைக் கேமரா பக்கம் விடவில்லை. அவனோ லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பி ஃபோகஸ் செய்த காலத்திலேயே, ஓடுகிற பிள்ளையின் பல்லைக்கூடத் தெளிவாகப் பிடிப்பான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவன் தடுக்கி விழ ஆரம்பித்தான். கல்யாண மண்டபத்துப் படியில் விழுந்தான், நாற்காலியில் இடித்துக்கொண்டான். வரவேற்புக்குப் போனால் மங்கல் வெளிச்சத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான். அவன் அண்ணனுக்கு அதற்கு முன்பே பார்வை போயிருந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அவன் அம்மா தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டியவர் என்று கேட்டதுமே டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இது ரத்தத்தில் வருவது, முதலில் இருட்டில் தெரியாது, பிறகு ஓரங்கள் போகும், கடைசியில் நடுவும் போகும், மருந்து கிடையாது என்றார். வெளியே வந்து டீ குடித்தோம்.

"அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு மாப்ள. அம்புட்டுதான்" என்றான்.

இன்னொரு டீ சொன்னேன். இப்படிப்பட்ட சமயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தானாக ஃபோகஸ் ஆகும் ஃபிலிம் கேமரா ஒன்றைப் பழையதாக வாங்கினோம். அதில் லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. மோட்டார் இருந்தது கேமராவுக்குள். அங்கிருந்து ஸ்க்ரூ டிரைவர் முனை மாதிரி ஒன்று நீட்டி, லென்ஸைப் பிடித்துத் திருப்பும். பட்டனைப் பாதி அழுத்தினால் 'கிர்ர்' என்று வளையம் சுற்றி நிற்கும். ஃபோகஸ் ஆனதும் ஒரு 'பீப்' வரும்தான். ஆனால் கெட்டிமேளத்தில் அந்த பீப்பை யார் கேட்பது? செல்வம் இடது உள்ளங்கையை வளையத்தின்மேல் பட்டும் படாமலும் வைத்திருப்பான். அது சுற்றும், நிற்கும். நின்றதும் அழுத்துவான். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் குறி வைத்தால் ஃபோகஸ் பின்னாலுள்ள ஜிகினாத் திரைக்குப் போய்விடும் என்பதால் முதலில் பெண்ணின் மூக்குத்திக்குக் குறி வைப்பான். கண் கைவிட்டதைக் கை பார்த்துக்கொண்டது. அப்படியே சில வருஷம் ஓட்டினோம். பையைத் தூக்கி வருகிற சாக்கில் அவன் முழங்கையைப் பிடித்து மேடையேற்றுவேன். வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

அவன் அக்கா மகள் தமிழரசி அவனுக்கு முறைப்பெண். அவனுக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்தே வீட்டில் பேச்சு. அவளுக்கும் இஷ்டம். டாக்டரைப் பார்த்து வந்த பிறகு இவன் முடியாது என்றுவிட்டான். அக்கா சமயநல்லூரிலிருந்து ஸ்டுடியோவுக்கே வந்து, பின்னால் தொங்கிய, அருவி வரைந்த திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார்.

"எங்கம்மா தாய்மாமனக் கட்டுனதுல வந்ததுதான்க்கா இது. அத நான் ஒம் பேரப்பிள்ளைக்குக் குடுக்க மாட்டேன்" என்றான்.

அக்கா ரொம்ப நாள் அவனோடு பேசவில்லை. கடைசியில் நாகமலை புதுக்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. அக்கா சேதி சொல்ல வந்தபோது செல்வம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். தாலி கட்டும்போது படத்தை அவன்தான் எடுப்பான், வேறு யாரும் எடுக்கக் கூடாது. அவளைக் கட்டத்தான் முடியவில்லை, அந்த ஒரு நிமிஷமாவது தன் கையால் அமையட்டும் என்று நினைத்திருக்கிறான்.

அதற்குள் ஊரெல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. அவள் கல்யாணத்துக்குப் புதுக் கேமராதான் என்று நின்றான். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் பழைய கேமராவைக் கொடுத்துவிட்டுப் புதிதை எடுத்தோம். லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டோம். இது அதில் பொருந்துமா என்று கேட்டேன். "தாராளமாப் பொருந்தும்ணே" என்றார் கடைக்காரர். மாட்டிப் பார்த்தேன். 'டக்'கென்று உட்கார்ந்தது. அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது.

வீட்டில் ஒரு படம் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அங்கேதான் மாட்டிக்கொண்டோம். புதுக் கேமராவில் முதல் படம் நல்ல காரியமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மஞ்சள் பிள்ளையாரையோ கைப்பிள்ளையையோ எடுத்துத்தான் ஆரம்பிப்போம். இந்தக் கேமராவின் கன்னிப் படம் தமிழரசிதான் என்று செல்வம் சொல்லிவிட்டான். பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, துண்டில் பொதிந்து வைத்தோம். பட்டனை ஒரு விரல்கூடத் தொடவில்லை.

முகூர்த்தம் விடியற்காலையில். பெண்ணைக் கைபிடித்து மணமேடைக்குக் கூட்டி வந்தவனும் தாய்மாமனான அவன்தான். அவளை உட்கார வைத்துவிட்டு இறங்கி வந்து கேமராவைத் தூக்கினான். உள்ளங்கையை வளையத்தின்மேல் வைத்து அழுத்தினான். ஒரு தரம் இறக்கினான், மறுபடி தூக்கினான். பேட்டரியைப் பார் என்றான். பேட்டரி நிறைந்திருந்தது. நான் லென்ஸைக் கழற்றி மாட்டினேன், 'டக்'கென்றுதான் உட்கார்ந்தது. அதற்குள் ஐயர் கையைத் தூக்கிவிட்டார். கெட்டிமேளம் கொட்டியது. செல்வம் பழைய பழக்கத்தில் வளையத்தைக் கையாலேயே திருப்பினான். ஒரு பக்கம் தாண்டிப் போனான், திரும்பி வந்தான், மறுபடி தாண்டினான். எது தெளிவு என்று அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று முடிச்சு விழ எவ்வளவு நேரம் ஆகும்? அழுத்திக்கொண்டே இருந்தான்.

திரையை நான் பார்த்தேன். எல்லாப் படத்திலும் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கரைந்து கிடந்தது. முகம் என்று ஒன்று இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

"கையில ஒண்ணும் திரும்பல மாப்ள."

மீதிக் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். வளையத்தைக் கையால் திருப்பி எடுத்ததில் முகங்கள் தெளிவாகத்தான் விழுந்தன. அந்தப் புதுக் கேமராவுக்குள் மோட்டாரே கிடையாது, அதற்கு லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பொருந்துமா என்று கேட்டோம், பொருந்தியது. ஆல்பத்தில் தாலி கட்டும் பக்கத்தைக் காலியாக விடவா என்று தமிழரசியிடம் கேட்டேன். "மாமா எடுத்தத வைங்க" என்றாள். வைத்தேன்.

எப்படியோ பணம் தேற்றி மோட்டார் உள்ள லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். செல்வம் கையில் கொடுத்து எதிரே நின்றேன். அழுத்தினான். லென்ஸ் தன் வேலையைச் செய்தது. ஆனால் எல்லாம் உள்ளுக்குள்ளேயே நடந்தது. வெளியே வளையம் அசையவில்லை, சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றவன், கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு, "வாரேன் மாப்ள" என்று கிளம்பினான். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. அருவித் திரை போன இடம் தெரியவில்லை. பரணிலிருந்த காலிப் பெட்டிகளை நானே குப்பையில் போட்டேன். செல்வத்துக்கு நடுவில் இருந்த கொஞ்சப் பார்வையும் போய்விட்டது. சமயநல்லூரில் அண்ணனும் தம்பியுமாக ஒரே சுவரில் சாய்ந்து ரேடியோ கேட்கிறார்கள். அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

முந்தாநாள் மகனுடைய கேமராவை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். செல்வத்துக்கு முன்னால் அதைத் தூக்கினேன். பச்சைக் கட்டம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, நேராக அவன் கண்ணில் போய் உட்கார்ந்தது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் அவன் என் குரல் வந்த பக்கம் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"சத்தமே வரல?"

கேமராவை அவன் கையில் கொடுத்தேன். இடது உள்ளங்கையை லென்ஸுக்கடியில் கொண்டுபோய், பட்டும் படாமலும் வைத்து, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்தான். அது சுற்றப்போகிறது என்று வெகுநேரம் காத்திருந்தான்.