நிலாவுக்கு மேலே போன அப்பா

அந்த ஐப்பசியில் அப்பாவின் சட்டை வாசனை மாறியது. அதுவரை பஞ்சும் எந்திர எண்ணெயும் கலந்து மணக்கிற சட்டைதான் எனக்குத் தெரியும். இப்போது தீய்ந்த மண்ணும் கரிப்புகையுமாக ஒரு காட்டம், இரண்டு தடவை அலசிய பிறகும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அந்தச் சட்டையை வாசலில் காயப்போடாமல், சமையலறைக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டாள். பக்கத்து வீட்டு மூக்குக்குக்கூட அது தெரியக் கூடாது.

சிங்காநல்லூரில் அப்பா வேலை பார்த்த மில் எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் இது அதிசயமில்லை. தொழிலாளிகள் தினமும் காலையில் மில் "கேட்டு"க்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். வந்தவர்களின் பேரை நோட்டில் எழுதுகிற பொறுப்பு அப்பாவுடையது. "ஒருத்தரும் வேற வேலைக்குப் போயரக் கூடாதுங்க. ஆளு கலைஞ்சா மில்லு நம்முளுது இல்லீங்க" என்று எல்லோரையும் இழுத்துப் பிடித்து வைத்திருந்தவரும் அவர்தான். அப்படிச் சொன்ன மனிதர், மத்தியானமானால் ஆவாரம்பாளையத்தில் இரும்பு உருக்கி வார்க்கிற ஒரு பவுண்டரிக்கு மண் சுமக்கப் போய்க்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்பவர்களிடம், காரமடையில் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய். பெரியப்பா அங்கே குத்துக்கல்லாட்டம் இருந்தார். "வெளிய மூச்சு உட்டராதே அம்மணி. தெரிஞ்சுதுன்னா உங்கப்பன் அந்தப் பந்தல் பக்கம் தலைநிமிந்து நடக்க முடியாது" என்று அம்மா என்னிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த மாதம் பார்த்துத்தான் எங்கள் ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் டீச்சர் கரும்பலகை நிறையச் சந்தோஷத்தை எழுதிப் போட்டார். ஓவர் த மூன், ஆன் கிளவுட் நைன், வாக்கிங் ஆன் ஏர், ஜம்ப் ஃபார் ஜாய். வெள்ளைக்காரனுக்குச் சந்தோஷம் வந்தால் கால் தரையில் நிற்காது போலிருக்கிறது: நிலாவைத் தாண்டிப் போகிறான், ஒன்பதாவது மேகத்தில் ஏறி உட்காருகிறான், காற்றில் நடக்கிறான். கோபம் வந்தாலும் சும்மா இருப்பதில்லை, கூரையில் போய் முட்டுகிறான். எங்கள் பக்கத்திலோ, மகள் கல்யாணம் முடிவாகி வீடு நிறையச் சொந்தம் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் கேட்டாலும், "ஏதோ இருக்கறமுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு மேலே சொன்னால் "கண்ணு பட்டுரும்". அந்தக் கரும்பலகையைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

வீட்டில் நடந்த ஒரு சந்தோஷமான நாளைப் பற்றி, இந்தத் தொடர்களை வைத்து ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார் டீச்சர். எட்டு மாதத்தைத் துழாவியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில், பவுண்டரியில் அப்பாவுக்கு முதல் கூலி வந்த நாளை எழுதினேன். உண்மையில் அன்றைக்கு அவர் கையெல்லாம் கொப்புளத்தோடு வந்து, கவரை அம்மாவிடம் நீட்டிவிட்டு, சோறு வேண்டாமென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் நோட்டிலோ அப்பா நிலாவுக்கு மேலே போனார், அம்மா காற்றில் நடந்தாள், நான் குதித்துக் கூத்தாடினேன். எல்லாம் புளுகு. இங்கிலீஷில் எழுதினால் அது வெளியே சொன்னதாகாது என்று நம்பினேன். எங்கள் தெருவில் யாருக்கு இங்கிலீஷ் தெரியும்? இன்றைக்கு நினைத்தாலும் அந்த மடத்தனத்துக்கு என்னையே அறையலாம் போலிருக்கிறது.

சனிக்கிழமை டீச்சர் என் நோட்டைத்தான் எடுத்து வாசித்தார். எங்கள் தமிழ் மீடியம் பள்ளியில் இங்கிலீஷ் வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. டீச்சர் ஒரு வரியை இங்கிலீஷில் வாசிப்பார், உடனே அதன் அர்த்தத்தைத் தமிழில் சொல்லிவிடுவார். தினமும் கேட்கிற இந்த வழக்கத்தை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. "மில் பூட்டியிருந்தாலும் என் அப்பா இப்போது ஒரு பவுண்டரிக்குப் போகிறார்" என்று டீச்சர் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி நல்ல தமிழில் சொன்னபோது நான் பெஞ்சோடு குனிந்துகொண்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜெயசீலி. அவளுடைய அப்பா அந்தோணிசாமி, பந்தலில் தினமும் என் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். ஜெயசீலி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மணியடித்ததும் எனக்காக நிற்காமல் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எழுதிப்போட்டயா?" என்று மட்டும் கேட்டாள். அடித்திருந்தால்கூடத் தேவலாம். மறுநாள் ஞாயிறு, பவுண்டரிக்கு லீவு; காலையில் அப்பா டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள். "அந்தோணிசாமி வந்து கேக்கறதுக்கு முந்தி நானே போய்ச் சொல்லிப்போட்டு வாரேன்" என்று அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். பித்தான்கூடப் போட்டு முடிக்கவில்லை. அதற்குள் வாசலில் "ஏனுங்ண்ணா" என்று குரல் கேட்டது. சர்ச்சுக்குப் போன சட்டையோடு அந்தோணிசாமி நின்றார்.

நான் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். இன்றைக்கு அப்பாவின் மானம் போகப்போகிறது, அதுவும் என்னால் என்று நினைத்துக்கொண்டு, கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன்.

"காரமடைப் பெரியவருக்கு ஒடம்பு எப்படிங்ண்ணா இருக்குது?" என்றார் அந்தோணிசாமி.

அப்பா வாசலுக்கு வந்தார். "அண்ணனுக்கு ஒண்ணுமில்லீங்க. நான் பவுண்டரிக்குப் போறனுங்க. உங்ககிட்ட மறைச்சுப்போட்டேன்."

"எங்க பாப்பா சொல்லுச்சுங்க."

அம்மா தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"உங்கூட்டுல எல்லாரும் அவ்வளவு சந்தோசமா இருக்கறீங்களாம். நம்மூட்டுல எப்பங்ப்பா அப்படி இருக்கும்னு பாப்பா கேக்குதுங்க. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லைங்ண்ணா." அவர் குரல் தணிந்துவிட்டது. "அங்க இன்னொரு ஆளு எடுப்பாங்களாங்க?"

அப்பா துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை பந்தலில் அப்பா தானாகவே எல்லோரிடமும் சொல்லி, பேர் நோட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். சிலர் திட்டினார்கள், ஒருவர் சாகும்வரை அப்பாவோடு பேசவில்லை. அந்த வாரமே அந்தோணிசாமியும் பவுண்டரியில் சேர்ந்தார். மில் கடைசிவரை திறக்கவில்லை. இன்றைக்கு அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். அங்கே குடியிருப்பவர்களுக்கு, ஊரையே எழுப்பிய மில் "சங்கு" அங்கிருந்துதான் ஊதியது என்று தெரியாது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன வருஷம் அந்தோணிசாமி காலமானபோது துக்கத்துக்குப் போயிருந்தேன். சரவணம்பட்டியில் மகனோடு இருக்கிற ஜெயசீலி என் கையை விடவே இல்லை. எங்கப்பா பவுண்டரியில மொதக் கூலி வாங்குனன்னிக்கு எங்களையெல்லாம் டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாரு, ஓட்டல்ல உக்கார வெச்சு வேணுங்கறதெல்லாம் வாங்கிக் குடுத்தாரு, பஸ்ஸுல பாட்டுப் பாடிட்டே வந்தாரு, அப்படி ஒரு நாள் அப்புறம் எங்களுக்கு வரவே இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கூட்டுலயும் அப்படித்தானே இருந்தீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.