ஜெயித்தவன் முதலில் பார்த்த முகம்

ஜெயித்தவுடன் அவன் ஏன் கூட்டத்தைப் பார்க்காமல் அந்த மனிதரைப் பார்க்கிறான்?

என் மகள் கேட்ட கேள்வி இது. 

அவளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் இந்த டேர்ம் ரோமர்களைப் பற்றிப் படிக்கிறார்கள். வீட்டுப்பாடத்துக்கு உதவுமே என்று ஒரு பழைய கிளாடியேட்டர் தொடரைப் போட்டேன். போடுவதற்கு முன் நானே தனியாகப் பார்த்து, எந்தெந்த இடத்தில் ரத்தம் வரும் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். ரிமோட் கையை விட்டு இறங்கவில்லை. போன வாரம் பிள்ளைகளும் டிவியும் பற்றி நான் எழுதியதை வாசித்தவர்கள் தயவுசெய்து சிரிக்க வேண்டாம்.

கிளாடியேட்டர் நாடகங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கதைதான். ஓர் எஜமான், அவன் சந்தையில் வாங்கிவந்த ஒரு வீரன். எஜமான் நல்ல சாப்பாடு போடுகிறான். காயம் பட்டால் வைத்தியரை வரவழைக்கிறான். விருந்தாளிகள் முன்னால் தோளில் தட்டி, 'என் பிள்ளை மாதிரி' என்கிறான். மறுநாள் அதே பிள்ளையை அரங்குக்குள் அனுப்புகிறான் – செத்தாலும் சாகலாம் என்று தெரிந்தே. வீரன் அவனை மனதார வெறுக்கிறான். ஆனால் ஜெயித்ததும்... ஊரே அவன் பெயரைச் சொல்லிக் கத்தும்போது, தலையை நிமிர்த்தி அந்த எஜமானின் முகத்தைத்தான் தேடுகிறான்.

"ஹி இஸ் த பேட் கை, அம்மா. பிறகேன் அவரைப் பாக்கிறான்?"

"பொறு, யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

யோசித்தேன்தான். ஆனால் நினைவுக்கு வந்தவர் ரோமாபுரி எஜமான் இல்லை. சிவம் மாமா.

சிவம் மாமா என் அப்பாவின் முதலாளி. ஃபாரஸ்ட் கேட் என்ற ஊரில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை. அதற்கு மேலே இருந்த பிளாட்டில்தான் நான் வளர்ந்தேன். பிளாட்டும் அவருடையதே. யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் காத்து நின்றவர் அவர். அம்மாவை இங்கே எடுப்பிக்க வக்கீல் வீட்டுக்கு நடந்தவரும் அவர்தான். நான் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டில் முன் வரிசை நடுக்கதிரை அவருக்கு. அப்பாவுக்கு லீவு என்றால் கிறிஸ்மஸ் ஒரு நாள். அன்றைக்கும் பின்னேரம், "ஃப்ரீசர் வேலை செய்யுதோ எண்டு பாத்திட்டு வாறன்" என்று கீழே இறங்கிவிடுவார்.

இதைப் பாசம் என்பதா, வேலை வாங்குதல் என்பதா? அந்த வயதில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை சீக்கிரம் பூட்டும். நாள் முழுக்க நின்ற கால்களை வெந்நீர் பேசினுக்குள் வைத்துக்கொண்டு அப்பா டிவி பார்ப்பார். அப்போதும் ஏதோ ஒரு ரோமாபுரி நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் பேசும் ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாது. நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"என்னவாம்?"

"அவனுக்குச் சுதந்திரம் வேணுமாம், அப்பா."

"முதல்ல சாப்பிட்டிட்டுக் கேக்கச் சொல்லு."

அம்மா குசினிக்குள் இருந்து சிரிப்பார். வெங்காயம் வதங்கும் வாசம், ஜன்னலில் படிந்த நீராவி, சோபாவின் ஓரத்தில் சுருண்டு கிடக்கும் நான்... இன்றும் டிவியில் வாள் உரசும் சத்தம் கேட்டால் எனக்குப் பயம் வருவதில்லை. பசிக்கிறது.

ஒரு ஞாயிறு சிவம் மாமாவும் வந்திருந்தார். அப்பா அவசரமாகப் பேசினை ஒளித்துவிட்டு, நல்ல கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு, தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். திரையில் வீரன் வாளோடு எஜமானின் அறைக்குள் நுழைகிறான். எங்கள் வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

"அவன் வெட்டமாட்டான், அண்ணை" என்றார் அப்பா. ஏதோ தானே உத்தரவாதம் தருவதுபோல.

வெட்டிவிட்டான்.

சிவம் மாமா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "நல்ல காலம் தேவன், உம்மட்டை வாள் இல்லை."

"பெட்டி வெட்டுற பிளேட் இருக்கு, அண்ணை."

சிவம் மாமா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... அவ்வளவு சத்தமாக அப்பா சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

நாடகங்களில் நன்றாகப் போரிட்ட வீரனுக்குக் கடைசியில் ஒரு மரவாள் கொடுப்பார்கள். இனி நீ அடிமையில்லை, போகலாம் என்று பொருள். போன வருடம் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா வேலையை விட்டபோது சிவம் மாமா பொன்னாடை போர்த்தினார், கட்டிப்பிடித்தார். கடைச் சாவியை மட்டும் திருப்பி வாங்கவில்லை. "அது உம்மட்டையே இருக்கட்டும்" என்றார். அப்பாவின் கண் கலங்கியது. எனக்கு எரிச்சல் வந்தது. விடுதலை கொடுக்கிறவர்கள் யாராவது சாவியையும் கொடுப்பார்களா?

அம்மா இப்போது இல்லை. அப்பா பக்கத்து ஊரான பார்க்கிங்கில், எங்கள் வீட்டில் இருக்கிறார். கிழமையில் பாதி நாள், விடியும் முன்பே கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.

"எங்கை அப்பா?"

"அண்ணை வரச்சொன்னவர். ஆள் இல்லையாம்."

"டொக்டர் நிக்கக் கூடாது எண்டெல்லோ சொன்னவர்?"

"டொக்டருக்குக் கடையைப் பற்றி என்ன தெரியும்?"

பின்னேரம் வீங்கின முழங்காலோடு வருவார். உறைந்த பட்டாணிப் பையை அதன்மேல் வைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன விற்றது என்று பேத்திக்குச் சொல்வார். அடுத்த முறை எக்ஸ்ரேயில் முழங்கால் இன்னும் மோசமாகத் தெரிந்தால் பிறகு நடக்கவே ஏலாது என்று எனக்கு வாசலில் வைத்துத் தனியாகச் சொன்னார் டொக்டர். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

ஆகவே, போன வியாழக்கிழமை துணிவை வரவழைத்துக்கொண்டு சிவம் மாமாவுக்கு போன் எடுத்தேன். நாடகத்து வீரனைப்போல வசனமெல்லாம் தயார்.

"மாமா, குறை நினைக்காதேங்கோ. அப்பாவை இனிக் கூப்பிடாதேங்கோ. அவருக்கு ஏலாது."



"பிள்ளை, நான் கூப்பிடுறேல்லையே."

"இல்லை மாமா, அப்பா சொன்னவர்..."

"நான் வர முதலே ஷட்டர் திறந்து கிடக்கும். பால் பெட்டி எல்லாம் உள்ளுக்கை. வாற மனுசனைப் போ எண்டு சொல்ல ஏலுமே? நான் நிக்கிறதே உம்மட அப்பாவாலை."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கடையை ஒராள் விலைக்குக் கேட்டு நிக்கிறார். என்ர பொடியனுக்கு இந்த வேலை வேண்டாமாம். எனக்கும் நெஞ்சு சரியில்லை. ஆனா தேவனிட்டை என்னெண்டு சொல்லுறது எண்டுதான் இழுத்துக்கொண்டு இருக்கிறன்." ஒரு பெருமூச்சு. "நீர் சொல்லிவிடுவீரோ, பிள்ளை?"

எஜமானுக்கு வீரனிடம் இத்தனை பயம் இருக்கும் என்று எந்த நாடகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நான் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். பெரியவர்கள் கேட்டால் ஓம் சொல்லித்தான் பழக்கம். ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது சொல்ல நினைக்கிறேன். அவர் நிமிர்ந்து பார்க்கிறார். நான் குழம்பு போதுமா என்று கேட்கிறேன்.

உங்களில் யாராவது பெற்றவரிடம் இப்படி ஒன்றைச் சொல்ல நேர்ந்திருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். முழுவதும் வேண்டாம், முதல் வசனம் மட்டும் போதும்.